இறுக்கிக் கட்டிய ஐம்பத்திரண்டு புத்தகங்கள்

10 ஜூன் 2024, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

ஓய்வு பெற்றுப் பத்து நாள் ஆகிறது. மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் காலை ஆறு பத்துக்குத் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. இன்றும் பதறி எழுந்து உட்கார்ந்தேன். ஐவி போர்வைக்குள்ளிருந்தே, "படுங்க. அது இனிமே உங்களுக்கு அடிக்கிற ஹாரன் இல்ல" என்றாள். என் மனைவி நர்ஸ் வேலை பார்ப்பவள். ஊசி போடுவதுபோலத்தான் பேசுவாள்.

முப்பத்து நான்கு வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் ஷிஃப்ட் நோட்டு எழுதிய கை இது. தேதி, வானிலை, முடிந்தது என்ன, நின்றுபோனது என்ன. எழுதாவிட்டால் அன்றைய நாள் முடிந்ததாகவே தோன்றுவதில்லை. அதனால்தான் இந்த நோட்டு. தமிழில் எழுதுவதில் ஒரு வசதியும் உண்டு. மகள் கேரல் கன்னடமும் இங்கிலீஷும் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நோட்டை மேஜைமேலேயே போட்டுவிட்டுப் போகலாம்.

முடிந்தது: ஒன்றுமில்லை. நின்றுபோனது: நான்தான்.

13 ஜூன், வியாழன்

தூறல்.

கேரல் பள்ளியிலிருந்து இரண்டு கெட்டி அட்டைப் புத்தகங்கள் கொண்டுவந்தாள். ஒன்று பறவைகள் பற்றியது, ஒன்று நட்சத்திரங்கள். ஒவ்வொன்றின்மேலும் கழற்றிப் போடும்படியாக வழவழப்பான படத்தாளில் ஒரு மேலுறை. இப்படி அறுபத்து நான்கு இருக்கிறதாம். ஊரில் ஒரு டாக்டர் இறந்துபோக, அவர் வீட்டார் பள்ளிக்குக் கொடுத்தது.

அவற்றுக்கென்று பிரின்சிபால் ஹம்ஸா மேடம் ஒரு வாசிப்பு அறை ஏற்பாடு செய்கிறார். ஜூலை பதினைந்தாம் தேதி திறப்பு. கேரல் அங்கே ஒரு வருஷமாகத் தற்காலிக லைப்ரரியன். "இந்த ரூமை நீ எப்படிப் பார்த்துக்கறேன்னு பார்த்துட்டுத்தான் பர்மனென்ட் பத்திச் சொல்வேன்" என்று மேடம் சொல்லியிருக்கிறார். அறுபத்து நான்கு மேலுறைகளும் பிள்ளைகள் கை பட்டால் ஒரு மாதத்தில் கிழிந்துபோகும். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடித் தாளில் காப்பு உறை போட வேண்டும்.

ஒன்று செய்து காட்டினாள். மேலுறையைக் கழற்றிக் கண்ணாடித் தாளின்மேல் குப்புறப் போடுகிறாள். மேலும் கீழும் தாளை மடித்து, இரும்பு ஸ்கேலின் முதுகால் நீவுகிறாள். டேப் ஒட்டுவது தாளுக்கும் தாளுக்கும் நடுவில் மட்டும்; மேலுறையிலோ அட்டையிலோ பசை படக் கூடாது. பிறகு புத்தகத்தை மூடிவைத்து அளந்து மாட்டுகிறாள். திறந்துவைத்து அளந்தால் மூடும்போது பிடிக்குமாம். முதுகுப் பக்கம் கொஞ்சம் இடம் விடவேண்டுமாம்.

"நான் போட்டுத் தர்றேன்" என்றேன்.

"நான் சொன்ன மாதிரியே செய்வீங்களா டாடி?"

"என்னம்மா இது? பேக்கிங்ல முப்பத்து நாலு வருஷம்."

"அதனாலதான் கேக்கறேன்."

சொன்ன மாதிரியே செய்வேன் என்றேன். எழுதியும் வைக்கிறேன்.

17 ஜூன், திங்கள்

நல்ல மழை.

தேவராஜ மொஹல்லாவில் கண்ணாடித் தாள் வாங்கிவந்தேன். கடைக்காரன் எதற்கு என்று கேட்டான். புத்தகத்துக்கு என்றதும், பிரவுன் பேப்பர் போதுமே என்றான். படம் தெரியணும்ப்பா என்று விளக்கிவிட்டு வந்தேன். எனக்கே ஒரு பெரிய மனுஷத்தனம் வந்துவிட்டது.

இன்று நான்கு போட்டேன். ஐவி வேலைக்குப் போனபின் சாப்பாட்டு மேஜை முழுவதும் என்னுடையது. ஸ்கேல், பிளேடு, டேப், பழைய துணி ஒன்று. இரண்டு வாரத்துக்குமேல் கழித்துக் கைக்கு வேலை கிடைத்ததில் பசி நன்றாக எடுத்தது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. போட்டு முடித்ததை உலுக்கினால் உறை உள்ளே நகர்கிறது. என் லைனில் இப்படி ஒரு பெட்டி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

20 ஜூன், வியாழன்

பன்னிரண்டு முடிந்தது. பன்னிரண்டும் தொளதொள.

22 ஜூன், சனி

ஜடையன் வந்திருந்தான். பேக்கிங்கில் என்னுடன் பதினெட்டு வருஷம் நின்றவன், ஹனூர்ப் பக்கத்து ஆள். சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஃபிலிம் இருக்கிறதே, அதில் மிஞ்சிய ரோல் முனைகள் நான்கைக் கழிவிலிருந்து, கேட் பாஸ் போட்டு முறையாகவே எடுத்துவந்திருந்தான்.

"சும்மா குப்பைக்குப் போறதுங்ணா. உங்களுக்கு எதுக்காவது ஆகுமின்னு கொண்டாந்தனுங்."

மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்து உலுக்கிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உலுக்கினான். அது போதும், எனக்கு மானம் போயிற்று.

24 ஜூன், திங்கள்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

ஒன்றே ஒன்று செய்து பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். ஃபிலிமை வெட்டிப் புத்தகத்தைச் சுற்றி, ஓரங்களை அட்டையின் உள்பக்கம் மடித்து டேப் போட்டு, ஐவியின் ஹேர் டிரையரை எடுத்து மெதுவாகக் காட்டினேன். ஃபிலிம் சிணுங்கியது, சுருங்கியது, அட்டையோடு அப்பிக்கொண்டது. ஒரு சுருக்கம் கிடையாது. மீன்கொத்தியின் நீலம் ஈரம்போலப் பளபளத்தது. உலுக்கினேன். அசையவில்லை.

சொன்ன மாதிரி செய்வேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் கேரல் கேட்பது என்ன? புத்தகம் பாதுகாப்பாக இருக்கவேண்டும், அவ்வளவுதானே. அதை அவள் வழியைவிட நல்ல வழியில் செய்தால் கோபிப்பாளா? பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

ஏழு போட்டேன்.

25 ஜூன், செவ்வாய்

பதினொன்று. டிரையர் சூடாகி நின்றுபோனது. அரைமணி ஆறவிட்டுத் தொடர்ந்தேன்.

1 ஜூலை, திங்கள்

விடாத மழை. துணி காயவில்லை என்று ஐவி புலம்பல்.

அறுபத்து நான்கும் முடிந்தது. கேரல் சொன்ன வழியில் பன்னிரண்டு, என் வழியில் ஐம்பத்திரண்டு. ஐந்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மூலைக்கு மூலை காகிதம் திணித்து, டேப் போட்டு மூடி, மேலே எண் எழுதினேன். கேரல் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றாள். கொடுக்கவில்லை. ஸ்கூலில் போய்த் திற, அசந்துபோவாய் என்றேன்.

"ஒழுங்காப் போட்டிருக்கீங்கள்ல?"

"உன் மேடமே கேப்பாங்க, யார் செஞ்சதுன்னு."

சிரித்தாள். இந்தச் சிரிப்போடு அவள் என்னைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

5 ஜூலை, வெள்ளி

ஆட்டோவில் பெட்டிகள் போயின. மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டுவிட்டேன்.

8 ஜூலை, திங்கள்

வானிலை தெரியாது. பார்க்கவில்லை.

கேரல் நாலரைக்கு வந்தாள். பையிலிருந்து பறவைப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். புத்தகம் மூடியபடி இருக்கவில்லை. இரண்டு அட்டைகளும் வெளிப்பக்கமாக வளைந்து, சந்தையில் கிடக்கும் மீன் மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இதை மூடிக் காட்டுங்க டாடி."

அமுக்கினேன். கையை எடுத்ததும் திறந்துகொண்டது. மறுபடி அமுக்கினேன்.

"எத்தனை?" என்றாள்.

"ஐம்பத்திரண்டு."

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபிலிம் ஒரே நாளில் இறுகி முடிவதில்லை. இழுத்துக்கொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருஷமாகத் தெரியும். நாங்கள் பேக் செய்த இரும்புச் சாமான் வளையாது, அதனால் நினைத்தே பார்க்கவில்லை. போதாததற்கு இந்த மழை ஈரம் வேறு அட்டைக்குள்.

"நசுங்கக் கூடாது, நனையக் கூடாது, தூசி படக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"இதை யாரும் லாரியில ஏத்தப் போறதில்ல டாடி. ஏழாம் கிளாஸ் பிள்ளைங்க திறந்து படிக்கப் போறாங்க."

"மேடம் பார்த்தாங்களா?"

"அவங்க முன்னாலதான் பெட்டியைத் திறந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

9 ஜூலை, செவ்வாய்

அவள் கேட்டாளே. சொன்ன மாதிரியே செய்வீங்களான்னு கேட்டாளே. எனக்கு ஏன் காது கேக்கல? பன்னிரண்டு ஒழுங்காத்தானே போட்டேன் — அதோட நிறுத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு வருஷமா அந்த வேலைக்காக ஓடினா. என் கையால கெடுத்துட்டேன்.

10 ஜூலை, புதன்

காலையில் யாரிடமும் சொல்லாமல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கேரல் அந்நேரம் லைப்ரரி வகுப்பில் இருப்பாள் என்று விசாரித்துக்கொண்டுதான் பிரின்சிபால் அறைக்குப் போனேன். ஹம்ஸா மேடத்துக்கு என் வயசுதான் இருக்கும். "கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். தமிழும் நன்றாகவே பேசுகிறார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். புத்தகத்தைக் கெடுத்தது நான். கேரல் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். நான்தான் கேட்கவில்லை. அவள்மேல் தப்பே இல்லை, அவள் வேலையில் கை வைக்காதீர்கள்.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கேரல் திங்கக்கிழமை என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்களே. அறுபத்து நாலும் நானே என் கையால போட்டேன், தப்பு என்னோடதுன்னு சொன்னாங்க."

தண்ணீர் வைத்திருந்தார்கள், குடித்தேன். அதன்பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். "அவ கூட இருந்து மேற்பார்வை பார்த்தா மேடம், அதை வச்சுச் சொல்லியிருப்பா" என்றேன்.

"அதுவும் நிஜம் இல்லையே, மிஸ்டர் வால்டர்."

"இல்லை மேடம்."

"புத்தகம் கெட்டுப் போனா சரி பண்ணிக்கலாம். நாளைக்குக் கேரல் ஒரு விஷயம் வந்து சொன்னா, நான் நம்பணுமா பேடவா?"

பேடவா, வேண்டாமா. கும்பிட்டுவிட்டு எழுந்தேன். வெளியே வரும்போது செக்யூரிட்டி சல்யூட் அடித்தான். அது ஒன்றுதான் குறைச்சல்.

மாலையில் கேரல் வந்தாள். அவளை மேடம் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன் வேலையைக் காப்பாத்தத்தான்மா போனேன்."

"நான் உங்க பேர் வரக் கூடாதுன்னு பொய் சொன்னேன். தப்புதான். நாளைக்கு நானே போய்ச் சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க போயிட்டீங்க." பையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்காக எல்லாம் செய்வீங்க டாடி. என்னை மட்டும் கேக்க மாட்டீங்க. பி.யூ.சி.க்குச் சயின்ஸ் ஃபார்ம் கொடுத்துட்டு வந்துதான் எனக்குச் சொன்னீங்க. ரெண்டு வருஷம் அழுதுக்கிட்டே படிச்சேன்."

அது பத்து வருஷத்துக்கு முந்தைய கதை. அவள் அழுதது எனக்குத் தெரியாது.

11 ஜூலை, வியாழன்

பேச்சு இல்லை. தட்டு வைக்கும் சத்தம் மட்டும்.

ஐவியிடம் கேட்டேன், நான் நல்லதுதானே நினைத்தேன் என்று. அவள் யூனிஃபார்மை மடித்துக்கொண்டே சொன்னாள்: "கட்டுப் போட்டு முடிச்சதும் நாங்க பேஷண்ட்கிட்ட ஒண்ணு கேப்போம். இறுக்கமா இருக்கான்னு. கட்டினது நாங்கதான். ஆனா இறுக்குதா இல்லையான்னு அவங்களுக்குத்தான தெரியும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மாடிக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கோபம் போய்விட்டது, அவள் சொன்னது மட்டும் இருந்தது.

14 ஜூலை, ஞாயிறு

நாளை நடக்க வேண்டிய திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் ஒன்பது.

சர்ச்சிலிருந்து வந்தபோது வாசலில் ஆட்டோ. கேரல் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். கை கொடுக்கப் போய் நின்றுவிட்டேன். "தூக்கட்டுமா?" என்றேன். தலையை ஆட்டினாள்.

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பிளேடை எப்படிப் பிடிப்பது என்று அவள் முதலில் ஒன்றில் செய்து காட்டினாள். அட்டையின் உள்பக்கத்தில் மட்டும் கீறி, ஃபிலிமைத் தளரவிட்டு, தானாகக் கழன்று வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இழுக்கக் கூடாது. நான் இழுத்தேன். டிரையர் சூட்டில் ஃபிலிமும் மேலுறையும் ஒட்டிப்போயிருந்தன. வரிக்குதிரையின் பாதி முகம் ஃபிலிமோடு வந்துவிட்டது. கேரல் அந்தத் துண்டை வாங்கி ஒரு கவருக்குள் பத்திரப்படுத்தினாள், திட்டவில்லை.

பதினாறு முடிந்தது. அதில் மூன்றின் மேலுறை போனது.

16 ஜூலை, செவ்வாய்

ஐம்பத்திரண்டிலும் ஃபிலிம் நீங்கியது. ஒன்பது மேலுறை பாழ். மீன்கொத்தி தப்பித்தது.

வளைந்த அட்டைகள் நிமிர வேண்டும். புத்தகத்துக்குப் புத்தகம் நடுவில் அச்சடிக்காத வெள்ளைத் தாள் வைத்து, அடுக்கி, மேலே கட்டில் பலகை. அதன்மேல் தையல் மெஷினின் தலை, அரிசி டின் இரண்டு, ஐவியின் இட்லிப் பாத்திரம். போதவில்லை. கேரல் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

"உக்காரட்டுமா?" என்றேன்.

"ஓரமா இல்ல, நடுவுல."

பேப்பர் படித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐவி வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, கடைசியில் உங்களுக்கு ஏற்ற வேலை கிடைத்துவிட்டது என்றாள். கேரல் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆறு நாளில் முதல்முறை.

22 ஜூலை, திங்கள்

மழை குறைந்தது.

நாற்பது அளவுக்கு நிமிர்ந்துவிட்டது. மீதி இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும் என்றாள். நிமிர்ந்தவற்றுக்கு உறை போட ஆரம்பித்தோம், அவள் வழியில். புத்தகத்தை மூடிவைத்து அளந்துவிட்டுக் கேட்டேன்: "முதுகுல எவ்வளவு இடம் விடணும்?"

"ஒரு போஸ்ட்கார்டு கனம்."

எட்டு போட்டேன். உலுக்கிப் பார்க்கவில்லை. திறந்து பார்த்தேன். பக்கங்கள் படிந்து கிடந்தன.

மேலுறை போன ஒன்பதுக்கும் கேரல் வெள்ளைத் தாளில் பெயரை எழுதி உறை தயாரித்தாள். அவள் கையெழுத்து இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது.

9 ஆகஸ்ட், வெள்ளி

திறப்பு. பெற்றோர் வரிசையில் கடைசியில் நின்றேன். டிரஸ்டிலிருந்து வந்தவர் யாரென்று பார்த்தால் வெங்கடராமன் சார். எங்கள் பழைய ஒர்க்ஸ் மேனேஜர். ஓய்வுக்குப் பிறகு இந்தப் பள்ளியின் டிரஸ்டில் இருக்கிறாராம். என்னைக் கண்டுகொண்டார்.

"வால்டர், நீர் இங்க எங்கே? இந்த உறையெல்லாம் உம்ம கைவேலையா? பார்த்தாலே தெரியறது."

ஹம்ஸா மேடம் பக்கத்தில்தான் நின்றார்.

"முதல்ல நான் போட்டதுல கெட்டுப்போச்சு சார். இது என் மக சொல்லிக்கொடுத்துப் போட்டது" என்றேன். மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு சிறுமி பறவைப் புத்தகத்தைத் தரையில் விரித்துப்போட்டுக் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து மூடினாள்; புத்தகம் மூடியபடியே இருந்தது.

12 ஆகஸ்ட், திங்கள்

பர்மனென்ட் இல்லை. இன்னும் ஆறு மாதம் தற்காலிகம். அறையை நன்றாக வைத்திருக்கிறாள், ஆனால் பொறுத்துப் பார்க்கவேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

கேரல் அந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். "ஆறு மாசம்தானே டாடி" என்று என்னைத் தேற்றுகிறாள். அவள் என்னைத் தேற்றுகிறாள். வலிக்கிறது. வேறென்ன எழுத?

18 நவம்பர், திங்கள்

ஜடையன் வந்தான். ரோல் வேணுமுங்களா என்றான். காபி போதும் என்றேன்.

14 பிப்ரவரி 2025, வெள்ளி

வெயில்.

கேரலுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஐவி கேசரி கிளறினாள். சாப்பிட்டு முடித்தபிறகுதான் கேரல் மீதியைச் சொன்னாள். வேலை மைசூரில் இல்லை. இதே டிரஸ்டின் கொள்ளேகால் பள்ளியில். ஜூனிலிருந்து. அங்கேயே அறை எடுத்துத் தங்கவேண்டும்.

மிச்சக் கேசரியை மூடி உள்ளே வைத்தேன்.

15 பிப்ரவரி, சனி

வெங்கடராமன் சாரின் எண் என் போனில் இருக்கிறது. திறப்பு அன்று அவராகவே கொடுத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மைசூரிலேயே போட்டுவிடுவார். என் பேச்சுக்கு மரியாதை உண்டு அவரிடம்.

காலையில் பெயரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேரல் பால் வாங்கப் போயிருந்தாள். ஒரு நிமிஷ வேலை. அவளுக்குத் தெரியவே வேண்டாம். என் கட்டைவிரல் அந்தப் பெயரின்மேலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் வந்ததும் கேட்டேன்: "வெங்கடராமன் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா? இங்கயே போடச் சொல்லி."

பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"கொள்ளேகாலை நானே கேட்டு வாங்கினேன் டாடி."

எதிர்பார்க்கவில்லை. "என்னாலயா?"

"இல்ல." பிறகு சிரித்தாள். "கொஞ்சம் உங்களாலயும்தான். ஆனா அதுக்காக இல்ல. அங்க நாலு பீரோ நிறையப் புத்தகம் இருக்கு, பூட்டிக் கிடக்கு. சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட. இங்க எல்லாத்தையும் மேடம் முடிவு பண்ணுவாங்க. அங்க நான் முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

"போகணும்னு உனக்கு இருக்கா?"

"இருக்கு."

"சரி."

பாலை அடுப்பில் வைக்கப் போனவள் திரும்பிவந்து, "கேட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே அழுதேன். ஐவிக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

31 மே, சனி

கேரல் சாமான் கட்டுகிறாள். உடைகள் ஒரு பெட்டி, பாத்திரம் ஒரு மூட்டை, அவளுடைய புத்தகங்கள் மூன்று அட்டைப்பெட்டி. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கனமானதை மேலே வைக்கிறாள். மூலையில் காகிதம் திணிக்கவில்லை. கயிற்றை ஒரு சுற்று மட்டும் சுற்றி, பூ முடிச்சாகப் போடுகிறாள். ஷூ லேஸ் கட்டுவதுபோல.

"ஏதாவது செய்யட்டுமா?" என்றேன்.

"வேணாம் டாடி, நானே பார்த்துக்கறேன்."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஐவி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு கிண்ணம் பட்டாணி உரிக்கக் கொடுத்தாள். மூன்று பெட்டிகளும் கட்டி முடிவதற்குள் மொத்தப் பட்டாணியும் உரித்துவிட்டேன்.

1 ஜூன் 2025, ஞாயிறு

மேகமூட்டம்.

காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். நாளைக்கு அவள் வேலையில் சேருகிறாள். பெட்டிகளை மேலே ஏற்றும்போது ஒன்றின் கயிறு நழுவியதைப் பார்த்தேன். ஐவி என் முழங்கையைப் பிடித்தாள். பேசாமல் நின்றேன். பஸ் திரும்பும்வரை கேரல் ஜன்னலில் கையாட்டிக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றை உள்ளே வைத்தோம்.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. அம்மாவுக்கு அடிக்கவில்லை, எனக்கு அடித்திருந்தாள்.

"வந்து சேர்ந்துட்டேன் டாடி. ரூமுக்கு இனிமேதான் போகணும். ஒரு பெட்டி மட்டும் பஸ் ஸ்டாண்டுலயே பிரிஞ்சு கொட்டிடுச்சு. கண்டக்டர்தான் பொறுக்கிக் கொடுத்தார். சிரிக்காதீங்க."

"சிரிக்கல." நிஜமாகவே சிரிக்கவில்லை.

"நேத்து பார்த்துக்கிட்டேதான இருந்தீங்க? அது பிரியும்னு உங்களுக்குத் தெரியும்தான?"

"தெரியும்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு சொன்னாள்: "இங்க பஸ் ஸ்டாண்டுலேருந்து ஆட்டோவுல ஏத்தணும். கயிறு கையில வச்சிருக்கேன். எப்படிக் கட்டணும்?"

"சொல்லட்டுமா?"

"கேக்கறேன்ல டாடி. சொல்லுங்க."

முதலில் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளிவைக்கச் சொன்னேன்.